கொடுத்தவர் போன பின்னும் நிற்பது



சுவிட்சர்லாந்தும் இந்தியாவும் தொழிலிலும் மருத்துவத்திலும் சமூகத் தலைமையிலும் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். வாசலில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, ஹட்டனில் இருந்துகொண்டு நாம ஏன் இதைப் பேசணும்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஜெனிவாவில் கூடிப் பேசுகிறார்கள், டில்லியில் கையெழுத்துப் போடுகிறார்கள், நமக்கு என்ன என்று இத்தனை காலம் ஒதுங்கி இருந்துவிட்டோம். ஆனால் அந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே நூற்று அறுபது வருடங்களுக்கு மேலாக நாம் நிற்கிறோம். யாரும் நம் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

1851ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தைச் சேர்ந்த ஃபோல்கார்ட் சகோதரர்கள் வின்டர்தூரிலும் பம்பாயிலும் ஒரே நேரத்தில் வணிக நிறுவனம் திறந்தார்கள். அண்ணன் தம்பியில் ஒருவர் ஊரில், மற்றவர் பம்பாயில். ஆறு வருடத்தில், 1857இல், கொழும்பில் கிளை வந்தது. இரண்டு வருடம் கழித்துக் கொச்சியில் இன்னொரு கிளை. அந்தக் காலத்து இலங்கையின் செல்வம் கோப்பி. அந்தக் கோப்பி விளைந்தது இந்த மலைகளில். அதை நட்டவர்கள், பறித்தவர்கள், சாக்கில் கட்டி இறக்கியவர்கள் யார்? திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் சேலத்திலும் பஞ்சத்துக்குத் தப்பி, கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 2023இல், வந்து இருநூறு வருடம் நிறைந்தபோது, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடி நடந்தோமே, அந்தப் பாதைதான்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1884இல் ஆல்பிரெட் பௌர் என்ற சுவிஸ் இளைஞர் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1897இல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். தோட்டங்களுக்கு உரம் தயாரித்து விற்பதுதான் அதன் தொழில். நன்றாக உழைத்தார், நன்றாகச் சம்பாதித்தார், 1906இல் ஊர் திரும்பி ஜெனிவாவில் குடியேறினார். சீனத்துப் பீங்கான்கள், ஜப்பானியக் கலைப்பொருட்கள் என்று ஆயுள் முழுவதும் தேடித் தேடிச் சேர்த்தார். 1964இலிருந்து அவை ஜெனிவாவில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகமாக இருக்கின்றன. வின்டர்தூரிலும் அப்படித்தான். ஃபோல்கார்ட் நிறுவனத்தின் பங்காளியாக இருந்த ஓஸ்கார் ரைன்ஹார்ட் சேர்த்த ஓவியங்களைப் பார்க்க இன்றைக்கும் உலகமெங்கும் இருந்து ஆட்கள் போகிறார்கள்.

அந்த மனிதர்களை நான் பழிக்க வரவில்லை. பௌர் தொடங்கிய நிறுவனம் இன்றும் கொழும்பில் இயங்குகிறது, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறது. கலையை நேசித்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்குப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. அந்த வியாபாரத்தால் வின்டர்தூரில் ஓவியங்கள் நிற்கின்றன. ஜெனிவாவில் பீங்கான்கள் நிற்கின்றன. பம்பாயில் 1954இல் ஃபோல்கார்டும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய வோல்டாஸ் கம்பனி நிற்கிறது. உரமூட்டையை முதுகில் சுமந்து மலையேறியவனுக்கு நின்றது லயம்.

ஆகவே நாடுகளுக்கு இடையே உறவு என்று யார் பேசினாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன். வந்தவர் திரும்பிப் போன பிறகு, அங்கே இருப்பவர் கையில் என்ன நிற்கிறது? இனி நான் சொல்லப் போகிறவை எல்லாவற்றையும் அந்தக் கேள்வியை வைத்தே பாருங்கள்.

காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். இந்த மலைகளுக்கும் வந்தார். கதர் நிதிக்குக் காசு கேட்டார். சம்பளத்தில் மிச்சம் பிடிக்க முடியாத நம் முன்னோர் அதிலும் காசு போட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1931 டிசம்பரில், லண்டன் வட்டமேசை மாநாடு முடிந்து திரும்பும் வழியில் அவர் சுவிட்சர்லாந்தில் தங்கினார். வில்நேவ் என்ற ஏரிக்கரை ஊரில் எழுத்தாளர் ரொமேன் ரோலந்தின் வீட்டு விருந்தாளி. லோசானிலும் ஜெனிவாவிலும் கூட்டங்களில் பேசினார். அந்த நாட்களில் காந்தியோடு இருந்தவர்களில் ஒருவர் பியர் செரெசோல். அவரைப் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஒரு பொறியியலாளர். அவருடைய தகப்பனார் சுவிட்சர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ போருக்குப் பணம் தர மாட்டேன் என்று இராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். முதலாம் உலகப் போரில் தரைமட்டமான வெர்டன் பக்கத்துக் கிராமம் ஒன்றைத் திருப்பிக் கட்ட, 1920இல், நேற்று வரை எதிரிகளாக இருந்த நாட்டுக்காரர்களை ஒன்றாகச் சேர்த்து மண்வெட்டி பிடிக்க வைத்தார். சர்வதேச சிரமதான இயக்கம் ஒன்று அப்படித்தான் பிறந்தது.

1934 ஜனவரி 15ஆம் திகதி பீகாரில் பெரும் பூகம்பம். நிவாரணத்துக்குத் தலைமை தாங்கியவர் ராஜேந்திர பிரசாத், பின்னாளில் இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர். செரெசோல் அங்கே போனார். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. காசோலை அனுப்பிவிட்டு ஊரில் இருந்திருக்கலாம். அவர் போய், கிராமத்து மக்களோடு மண் சுமந்து, மேட்டு நிலத்தில் புதுக் குடியிருப்புகள் கட்டினார். சில தோழர்களையும் கூட்டிக்கொண்டார்; 1937 வரைக்கும் அந்த வேலை நடந்தது. இங்கே யார் தலைவர், யார் தொண்டர்? பீகாருக்குத் தலைவர் பீகார்காரர்தான். சுவிஸ்காரர் தோளோடு தோள் நின்றார். சமூகத் தலைமை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொள்வதே தலைமை என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் இந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

அடுத்து, நமக்கு மிக நெருக்கமான ஓர் இடத்துக்கு வருகிறேன். கேரளத்தில் மூணாறு. அங்கேயும் தேயிலை, அங்கேயும் மூடுபனி, அங்கேயும் லயம். கொழுந்து கிள்ளுவதும் தமிழ்ப் பெண்கள்தான். அந்த மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி என்று ஓர் இடம். 1963இல் இந்திய அரசும் சுவிஸ் அரசும் ஓர் உடன்பாடு செய்து அங்கே கால்நடைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பிரவுன் சுவிஸ் காளைகள் வந்தன. கேரளத்து நாட்டுப் பசுக்களோடு அவற்றைக் கலந்து, அந்த மண்ணுக்கும் மழைக்கும் தாங்குகிற ஒரு கலப்பினம் உருவானது. அதற்குச் சுனந்தினி என்று பெயர்.

காளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, படம் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அந்த இனம் இரண்டு தலைமுறையில் அழிந்திருக்கும். அவர்கள் செய்தது வேறு. உறை விந்து தயாரிக்கும் நிலையத்தை அங்கேயே அமைத்தார்கள். கேரளத்து மிருக வைத்தியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தீவனப் புல் வளர்ப்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தப் பசு எவ்வளவு கறக்கிறது என்று விவசாயியின் வாசலிலேயே கணக்கு எழுதும் முறையை உண்டாக்கினார்கள். 1976இல் கேரள அரசு தனி வாரியம் ஒன்றை நிறுவி அந்த வேலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. சுவிஸ்காரர்கள் விடைபெற்றுப் போய்விட்டார்கள். சுனந்தினி போகவில்லை, அந்த நிலையமும் போகவில்லை. இரண்டு பசு வைத்திருக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இன்றைக்கும் அது வருமானம்.

நம் தோட்டங்களிலும் மாடு இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஒரு பசு, விடியலில் புல் அறுக்கும் ஒரு கை, பொறட்டுக்கு முன்னே பால் சேகரிப்பு நிலையத்துக்கு ஓடும் ஒரு பிள்ளை. பொகவந்தலாவையில், கொட்டகலையில், மஸ்கெலியாவில் இதைப் பார்க்காதவர் யார்? பால் வண்டியில் ஏறிப் போகிறது. வீட்டுப் பிள்ளைக்குப் பிளேன்டீ. 2016இல் எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு என்ன சொல்லிற்று? நாடு முழுவதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. தோட்டத்துறையில் மூன்றில் ஒரு பிள்ளை வளரவில்லை. இந்த நுவரெலியா மாவட்டத்திலும் அதே நிலைதான். பால் விளையும் மலையில் பிள்ளை குட்டையாய்ப் போகிறது என்றால், குறை பசுவிடமும் இல்லை, தாயிடமும் இல்லை. மாட்டுப்பட்டியில் நடந்தது இங்கே நடக்கவில்லை. கொட்டில் போட ஒரு துண்டு நிலம்கூட நம் பெயரில் இல்லாதபோது எப்படி நடக்கும்?

பாலைப் பற்றிப் பேசும்போது பால்மாவைச் சொல்லாமல் போக முடியாது. 1970களில், ஏழை நாட்டுத் தாய்மாரிடம் குழந்தைப் பால்மா விற்கப்பட்ட முறையைக் கண்டித்து, பேர்ன் நகரத்துச் சுவிஸ் இளைஞர்கள் சிலர் ஒரு பிரசுரம் வெளியிட்டார்கள். தங்கள் நாட்டின் மிகப் பெரிய கம்பனியான நெஸ்லேயையே குற்றம் சொன்னார்கள். கம்பனி வழக்குப் போட்டது. 1976இல் பிரசுரத்தின் தலைப்பு அவதூறு என்று நீதிமன்றம் அவர்களுக்கு ஆளுக்கு 300 பிராங்க் அபராதம் விதித்தது. அதே தீர்ப்பிலேயே கம்பனியும் தன் விற்பனை முறையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றது. 1981 மே மாதம் ஜெனிவாவில் உலக சுகாதாரச் சபை தாய்ப்பாலைப் பாதுகாக்கும் விதிக்கோவையை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள், எதிர்த்து அமெரிக்கா ஒன்று. சுவிஸ் என்றால் கம்பனி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அந்த இளைஞர்களும் சுவிஸ்தான்.

மருந்து விஷயத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு, அது தமிழ் மண்ணிலேயே நடந்தது. இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு பாசல் நகரத்து நொவார்டிஸ் கம்பனி கிளிவெக் என்ற மாத்திரையைக் கண்டுபிடித்தது. அருமையான கண்டுபிடிப்பு, உயிர் காத்த கண்டுபிடிப்பு. ஆனால் இந்தியாவில் மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பனிகள் 10,000 ரூபாய்க்குள் கொடுத்தன. நொவார்டிஸ் 1998இல் சென்னையில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. மும்பையிலிருந்து புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்று எழுந்து எதிர்த்தது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றி, குணத்தில் முன்னேற்றம் இல்லாமல் புதிய காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவையே கம்பனி எதிர்த்து வழக்காடியது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது: காப்புரிமை இல்லை. இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்று கம்பனி தன் பக்கத்தைச் சொன்னது. இலவசம் கொடுப்பவர் மனதில் இருக்கிறது, விலை சட்டத்தில் இருக்கிறது. நோயாளிக்குச் சட்டம்தான் நிலையான துணை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கிறீர்களா? இலங்கை இறக்குமதி செய்யும் மருந்துகளில் மிகப் பெரிய பங்கு இந்தியாவிலிருந்தே வருகிறது. 2022 மார்ச்சில், டொலர் இல்லாமல் நாடு தள்ளாடியபோது, பேராதனை வைத்தியசாலையில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. இந்தியா உணவுக்கும் மருந்துக்கும் அத்தியாவசியப் பொருட்களுக்குமாக 100 கோடி டொலர் கடன் தந்தது. இந்திய நீதிமன்றம் அன்று வேறு மாதிரித் தீர்ப்புச் சொல்லியிருந்தால் மலிவு மருந்துகளின் கதை என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடத்தைத் திறந்து வைத்தார். இந்தியப் பணம், 150 கட்டில்கள். அதே நாள் நோர்வூட் மைதானத்தில் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். அதற்கு முந்திய கட்டமான 4,000 தோட்ட வீடுகளில் ஒரு பங்கைக் கட்டும் பொறுப்பை எடுத்தது ஜெனிவாவில் தலைமையகம் கொண்ட செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனம். இந்தியப் பணமும் ஜெனிவாவின் கையும் இந்த மலையிலேயே சேர்ந்திருக்கின்றன. நன்றி சொல்கிறோம், மனதார. ஆனால் வைத்தியசாலைக் கட்டடத்துக்குள் நிற்க வேண்டிய நிபுணரை, தாதியை, இயந்திரம் பழுதானால் திருத்துகிற ஆளை டில்லி அனுப்பாது. அது நம் அரசாங்கத்தின் கடமை. வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் உறுதியும் கையில் வராவிட்டால் அதுவும் கல்லில் கட்டிய லயம்தான்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்சைப் பாருங்கள். 2016இல் இந்திய நன்கொடையில் தென், மேல் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி சுவசெரிய மன்றத்தை நிறுவியது. இன்றைக்கு அது நம்முடையது, நம் வரிப்பணத்தில் ஓடுகிறது, நாடு முழுவதும் இலவசமாக வருகிறது. நன்கொடை சட்டமாகியதால் அது நின்றது. ஆனால் அந்த வண்டி பிரதான வீதி வரை வரும். மேல் பிரிவு லயத்திலிருந்து வீதி வரைக்கும் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைப் படங்கில் தூக்கி இறக்குவது இன்னும் நாம்தான்.

நம் தோட்ட மருத்துவத்துக்கு முதல் சட்டம் வந்தது 1872இல். தோட்டங்கள் 1970களில் அரசுக்குப் போயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. வைத்தியம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடுவே சோறு கிடைக்காத பிள்ளையாக நின்றது. கம்பனி அரசைக் காட்டுகிறது, அரசு கம்பனியைக் காட்டுகிறது. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது உண்மை. பல தோட்டங்களில் இன்னும் ஒரு டிஸ்பென்சரியும் ஒரு வைத்திய உதவியாளரும்தான். ஜெனிவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1958இலேயே பெருந்தோட்டங்களுக்கென்று 110ஆம் இலக்க உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இலங்கை அதை 1995இல் ஏற்றது. சம்பளம், பிரசவப் பாதுகாப்பு, வீடு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் அதில் பகுதிகள் உண்டு. ஆனால் வீட்டையும் மருத்துவத்தையும் நாடுகள் விரும்பினால் ஏற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நம் தொழிற்சங்கத் தலைவர்களை இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்: அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அந்த உடன்படிக்கையைக் கையில் எடுத்துப் போங்கள். ரூபாய்க்கு அடுத்த வரியில் டிஸ்பென்சரியையும் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் கிழக்கு மலைகளில் ரொமான்ஷ் என்று ஒரு மொழி. பேசுகிறவர்கள் அறுபதாயிரம் பேர் அளவில்தான். 1938 பெப்ரவரியில் முழு நாடும் வாக்களித்து அதைத் தேசிய மொழியாக ஏற்றது. சரியாகப் பத்து வருடம் கழித்து, 1948இல், இந்த மலைகளின் உழைப்பாளிகள் குடியுரிமை இழந்தார்கள். அவர்கள் நாட்டில் மலைச்சனத்தின் மொழி சட்டத்துக்குள் வந்தது. நம் நாட்டில் மலைச்சனமே சட்டத்துக்கு வெளியே போனது. குடியுரிமை முழுமையாகத் திரும்பி வர 2003 வரை போராட வேண்டியிருந்தது. இன்றைக்கும் நோவை நோவென்று தமிழில் சொன்னால் விளங்கிக்கொள்ளும் ஆள் இல்லாத வார்டுகள் இருக்கின்றன. எங்கே குத்துகிறது, எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாத நோயாளிக்கு எந்த மருந்து சரியாக வரும்?

சுவிஸில் வாழும் ஈழத்துச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டத்தின் பேச்சு அங்கேயும் போகும் என்று சொன்னார்கள். உங்களில் எத்தனையோ பேர் அங்கே வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணி செய்கிறீர்கள். வேலை செய்தபடியே படித்துத் தொழில் பழகும் முறையை நேரிலே கண்டவர்கள் நீங்கள். கோயில் கட்டினீர்கள், தமிழ்ப் பள்ளி நடத்துகிறீர்கள். மலையகத்துப் பிள்ளைகள் தாதியாக, மருந்தாளராக, குடும்பநல உத்தியோகத்தராகப் படிக்கக் கை கொடுங்கள். ஓர் அம்புலன்சை அன்பளிப்பாக அனுப்புவதைவிட, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் கிடைக்கச் செய்வது பெரிது. அந்தப் பிள்ளை நாற்பது வருடம் இந்த மலையில் நிற்கும்.

இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் மற்ற மூன்று ஐரோப்பிய நாடுகளும் 2024 மார்ச் 10ஆம் திகதி செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. பதினைந்து வருடத்தில் 10,000 கோடி டொலர் முதலீடு என்பது பேச்சு. அதில் இலங்கை இல்லை, நாமும் இல்லை. யாரோ நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். நம் அரசிடம் நாம் கேட்க வேண்டியதை முதலில் கேட்போம்.

மண்டப வாசலில் மேசைமேல் ஒரு மகஜர் வைத்திருக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்துத் தோட்ட டிஸ்பென்சரிகள் அனைத்தையும் சுகாதார அமைச்சு பொறுப்பேற்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தமிழ் தெரிந்த, பயிற்சி பெற்ற ஆளை நியமிக்க வேண்டும் என்பது கோரிக்கை. உங்கள் பெயரை எழுதுங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் எழுதுங்கள். எழுத முடியாத அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளை உதவி செய்யட்டும். கையெழுத்துப் போடாமல் யாரும் பஸ் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.